விறைப்பு இறங்கிய பிறகு

பல் வைத்தியரிடம் போவதற்கு முன்பிருந்த பயத்தைப் பற்றிச் சொல்ல நம்மில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. போய் வந்த பிறகு பட்ட பாட்டைக் கேட்டால், "இரண்டு பனடோல் போட்டேன், சரியாகிவிட்டது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கும் அந்த ஒற்றை வரியைத்தான் கொடுத்து அனுப்பினார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து மாடியொன்றில் இருக்கிற சிகிச்சை நிலையம், பெயர் வேண்டாம். கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை, ஊர் வழக்கில் சொன்னால் நரம்பு எடுப்பது. வைத்தியர் கைதேர்ந்தவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் என் வாய்க்குள் பொறுமையாக வேலை செய்தார். ஆனால் அடுத்த ஒரு வாரத்தில் அதே வாயில் என்னென்ன நடக்கும் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். "வலித்தால் பனடோல் போடுங்கள்" என்றார் வரவேற்பு மேசையில் இருந்த பெண். பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழ்த்தாடைக்கான விறைப்பூசியைப் பல்லுக்குப் பக்கத்தில் போடுவதில்லை. நரம்பு தாடை எலும்புக்குள் நுழைகிற இடத்தில், வாயின் பின்கோடியில் போடுகிறார்கள். அதனால் பாதி உதடு, பாதி நாக்கு, பாதி நாடி எல்லாம் சேர்ந்தே விறைத்துப்போகும். ஸ்வீடனில் 1943 இல் உருவாக்கப்பட்ட லிடோகெயின்தான் இன்றும் இந்த ஊசிகளில் பரவலாக இருக்கும் மருந்து. பல்லின் விறைப்பு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் குறையத் தொடங்கும். உதட்டின் விறைப்பு மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். அந்த உதட்டோடு ஒரு முச்சக்கரவண்டிக்காரரிடம் "பம்பலப்பிட்டி" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு உதடும் சரியாக ஒட்டாமல் அந்த ஊரின் பெயரில் பாதியைக்கூடச் சொல்ல முடியாது. நான் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டதோ, தெஹிவளைப் பக்கம் திருப்பப் பார்த்தார். கையைக் காட்டிக் காட்டித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

விறைப்பு இருக்கும்போதே ஒரு வேலையை முடித்துவிட வேண்டும்: முதல் மாத்திரை. மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். வலி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் அந்த ஒரு மணி நேரத்தைச் சும்மா வலித்தே கழிக்க வேண்டும். நம் வீடுகளில் மாத்திரை போடாமல் சமாளித்ததை ஒரு பெருமையாகச் சொல்வார்கள். அதில் என்ன பெருமை என்று எனக்கு விளங்கவில்லை. வலியை அதன் போக்கில் விட்டுவிட்டுப் பின்னால் துரத்துவதைவிட, முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு மணி பார்த்து மாத்திரை போடுவது எவ்வளவோ சுலபம்.

மேல்வீட்டு மாமிக்குச் செய்தி எப்படிப் போனதோ, மாலையிலேயே இறங்கி வந்துவிட்டார். வீங்கிய கன்னத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவருக்கு ஏமாற்றம், வீக்கம் இல்லை. "நரம்பையே எடுத்துவிட்டார்கள் என்கிறீர். பிறகு எங்கிருந்து தம்பி வலி வரும்? ஒழுங்காக எடுக்கவில்லைப் போல" என்றார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. வைத்தியர் எடுப்பது பல்லுக்குள்ளே இருக்கிற நரம்பையும் இரத்தக் குழாய்களையும்தான். பல்லுக்கு வெளியே, வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில், ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர், இரண்டு மூன்று தலைமயிர்களை அடுக்கி வைத்த அளவு. பல்லை எலும்போடு பிடித்து வைத்திருப்பது அதுதான், கடிக்கும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்று மூளைக்குச் சொல்வதும் அதுதான். அதற்கெனத் தனி நரம்புகள் உண்டு, அவற்றை யாரும் எடுப்பதில்லை. வேர் நுனிவரை ஊசி போன்ற கருவிகளை விட்டுச் சுரண்டி, மருந்து நீரால் கழுவி, அடைக்கும்போது அந்த நுனியைச் சுற்றிய சவ்வு புண்படுகிறது, வீங்குகிறது. எலும்புக்கு நடுவில் வீங்க இடம் ஏது? அதனால் அழுத்தம், அதனால் வலி. ஒழுங்காக எடுத்தாலும் அது வரலாம்.

சிகிச்சைக்கு முன்பிருந்த வலிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்ததைக் கவனித்தேன். முன்பு எந்தப் பல் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. காது வலித்தது, மேல்தாடை வலித்தது, ஒரு நாள் நெற்றிப்பொட்டு வலித்தது. பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கு இடம் சொல்லும் திறமை கிடையாது. பொதுவாகக் கத்தத்தான் தெரியும். சவ்வுக்கு அந்தத் திறமை உண்டு. சிகிச்சைக்குப் பிறகு, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்து "இதுதான்" என்று காட்ட முடிந்தது. புதிய வலி இவ்வளவு துல்லியமாக இருப்பதைக் கண்டு சிலர் பயந்துவிடுகிறார்கள், நிலைமை மோசமாகிவிட்டது என்று. மோசமாகவில்லை. சவ்வின் வலி அப்படித்தான் இருக்கும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். நான் வைத்தியர் இல்லை. பல் உள்ளவன், அவ்வளவுதான். ஆனால் பனடோல் என்கிற பரசிட்டமோலைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. வளர்ந்த ஒருவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கு இரண்டு, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வலி குறைவதில்லை, ஈரல்தான் கெடும். சளி, தடிமனுக்கென்று விற்கிற பல மாத்திரைகளிலும் அதே பரசிட்டமோல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் கணக்கைத் தவறவிடுவது அங்கேதான்.

பல் வலிக்குப் பனடோலைவிடப் பொருத்தமானது வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கிற இபுபுரோபன் வகை. கடைவாய்ப் பல் பிடுங்கிய பிறகு வரும் வலியில் செய்த ஆய்வுகள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று காட்டியிருக்கின்றன. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துப் போடுவதில் முரண்பாடு இல்லை. ஆனால் இபுபுரோபனை வெறும் வயிற்றில் போடக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. வெளிநாட்டுப் பல் மருத்துவக் குறிப்புகளில் இதைக் காண்பது அரிது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இந்த நகரத்தில் டெங்கு ஏறும். டெங்குக் காய்ச்சலில் இபுபுரோபன், டைக்ளோபெனாக், மெபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதுவும் ஆகாது. இரத்தக்கசிவை அவை மோசமாக்கும். பல் சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் உடம்பு சுட்டால் "பல்லால் வந்த காய்ச்சல்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டு அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்போம். கொசு நம் பல்லைப் பார்த்துக் கடிப்பதில்லை. காய்ச்சல் என்று தெரிந்தால் இந்த வகை மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பரசிட்டமோலோடு மட்டும் இருந்து, வைத்தியரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்வதுதான் வழி.

எங்கள் தெருமுனைப் பாமசியில் இருக்கிற அண்ணன் நல்ல மனிதர். கதையை முழுக்கக் கேட்டார், இபுபுரோபனைத் தந்தார், பிறகு கேட்காமலே ஒரு அட்டை அமொக்சிசிலினையும் மேசையில் வைத்து, "இதையும் போட்டால் சீக்கிரம் ஆறும்" என்றார். அலுவலகத்திலும் இரண்டு பேர் அதையே சொல்லியிருந்தார்கள். கிருமிக்கான மருந்து வலிக்கான மருந்தல்ல. சவ்வு புண்பட்டதால் வரும் வலியில் கொல்வதற்குக் கிருமி ஏதும் இல்லாதபோது அது எதைக் கொல்லும்? வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் அது வேறு கதை. அப்போது வைத்தியர் எழுதித் தருவார். அட்டையைத் திருப்பித் தள்ளினேன். அண்ணனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது.

இரவு ஒரு தனி ஆட்சி. படுத்தவுடன் தலைக்குப் போகிற இரத்தம் கூடுகிறது, புண்பட்ட இடத்தில் அழுத்தம் கூடுகிறது, பல் நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கத் தொடங்கும். பகலில் இருந்த பராக்குகள் எதுவும் இல்லை. இரண்டு தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்திப் படுத்ததில் துடிப்பு பாதியாகக் குறைந்தது. கன்னத்தின் வெளிப்பக்கத்தில் துணியில் சுற்றிய ஐஸ், பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, விட்டு மறுபடி. கடைசி ரயிலும் மரைன் டிரைவ் பக்கம் போய் முடிந்த பிறகு மனிதனுக்கு வரும் யோசனைகள் எல்லாம் விபரீதமானவை. பல்லைப் பிடுங்கியே எறிந்திருக்கலாம் என்பது அதில் மிக மென்மையானது.

சாப்பாட்டில் எனக்குக் குறை இருக்கவில்லை. சொதியில் ஊறிய இடியப்பத்தைவிடப் பல் நோயாளிக்கு உகந்த உணவை எந்த நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்? சொதி ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். யோகட், குரக்கன் கூழ், நன்றாகக் குழைந்த பருப்பும் சோறும். ஆவி பறக்கிற இஞ்சிப் பிளேன்டீயை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டு வைத்தியங்களில் உப்பு நீர் நல்லது. ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். பல் பிடுங்கியிருந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு அதுவும் கூடாது. புகையிலையை அதக்குவதும் சாராயத்தைக் கொப்பளிப்பதும் என் பெரியப்பா காலத்து வைத்தியங்கள். அவருக்குக் கடைசியில் பல்லே இருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆஸ்பிரினை வலிக்கிற பல்லின் ஓரத்தில் வைத்து அடக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அமிலம். முரசை, அதாவது ஈறை, வெள்ளையாகச் சுட்டுவிடும், பல் வலியோடு முரசு வலியும் சேரும்.

கராம்பைப் பற்றி மாமியோடு எனக்கு நீண்ட வழக்கு. கராம்பில் இருக்கிற யூஜினோல் என்ற எண்ணெய்க்கு உண்மையிலேயே மரக்கச் செய்யும் குணம் உண்டு. பல் சிகிச்சை அறைக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறுகிற வாடை அதுதான். தற்காலிக அடைப்பு மருந்துகளில் அதைக் கலக்கிறார்கள். ஆனால் வேர் நுனியில், எலும்புக்குள் இருக்கிற வலிக்கு மேலே கராம்பை வைத்துக் கடித்தால் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. முரசுதான் எரியும். கடித்தால் வலிக்கிற பல்லில் கராம்பை வைத்துக் கடிக்கச் சொல்வதில் உள்ள கொடுமையையும் மாமிக்கு எடுத்துச் சொன்னேன். "படித்தவர் நீர்" என்று எழுந்து போய்விட்டார்.

வேர்ச் சிகிச்சைக்குப் பிறகு வரும் வலி முதல் ஓரிரு நாட்களில் உச்சத்தில் இருந்து, பிறகு நாளுக்கு நாள் இறங்கி, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிட வேண்டும். எனக்குத் துடிப்பு அப்படியே இறங்கியது. தானாக வலிப்பது நின்றுவிட்டது. ஆனால் வாயை மூடும்போது, மேற்பல் கீழ்ப்பல்லைத் தொடுகிற அந்தக் கணத்தில், சுரீரென்று ஒரு வெட்டு. இடியப்பத்தைக் கடித்தால்கூட. கடிக்காமல் இருந்தால் ஒன்றுமில்லை. மற்ற எல்லாப் பற்களுக்கும் முன்னால் அந்த ஒன்று மட்டும் மேலே போய் முட்டுவதைப் போலவும் தோன்றியது.

அதைத் தொலைபேசியில் சொன்னபோது, "கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், சரியாகிவிடும்" என்றார்கள். இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறார்கள். காசு கொடுத்த இடத்துக்குத் திரும்பிப் போனால் குறை சொல்ல வந்ததாக நினைப்பாரோ, வேலையில் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்ற கூச்சம். பாதணி காலைக் கடித்தால் அன்றைக்கே கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்கிற மனிதர், பல் கடித்தால் மாதக்கணக்கில் ஒரு பக்கத்தால் மென்று காலம் தள்ளுவார். வலியின் அளவைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், தாங்க முடிகிறதா என்று. அதன் திசையைப் பார்க்க வேண்டும். குறைந்துகொண்டு வரும் பெரிய வலியோடு வீட்டில் இருக்கலாம். குறையாமல் நிற்கும் சின்ன வலிக்கும், குறைந்து பிறகு ஏறும் வலிக்கும் வைத்தியரின் வாசற்படிதான் சரி.

போனேன். வைத்தியர் முதலில் வாய்க்கண்ணாடியின் பிடியைத் திருப்பி ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். அந்தப் பல்லில் பட்டதும் நாற்காலியில் இருந்து எழும்பினேன். பிறகு நீல நிறத்தில் ஒரு மெல்லிய தாளை இடுக்கியால் பிடித்துப் பற்களுக்கு நடுவில் வைத்து, "கடியுங்கள். இனி இரண்டு பக்கமும் அரையுங்கள்" என்றார். எடுத்துவிட்டுக் கையில் ஒரு கண்ணாடியைத் தந்து காட்டினார். மற்றப் பற்களில் மங்கலாக நீலம் தீற்றியிருந்தது. அடைத்த பல்லின் பின்மூலையில் மட்டும், கடுகளவு, அழுத்தமான ஒரு புள்ளி. நடுவில் நீலம் நசுங்கி வெள்ளை தெரிந்தது. அடைப்பு அந்த இடத்தில் கொஞ்சம் உயரம். கடிக்கும் ஒவ்வொரு முறையும் முழுத் தாடையின் பலமும் முதலில் அந்தப் புள்ளியில்தான் விழுந்திருக்கிறது, ஏற்கெனவே புண்பட்டிருந்த சவ்வின்மேல்.

அந்த இடத்தைச் சில நொடிகள் அராவினார். மறுபடி தாள், மறுபடி கடி, மறுபடி ஒரு தொடுகை. ஊசி கிடையாது, காசும் வாங்கவில்லை. பற்களுக்கு நடுவில் 0.02 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு பொருள் வந்தாலும் மனிதருக்கு உணர முடியும் என்கிறார்கள். அராவி எடுத்தது அதைவிட எவ்வளவு அதிகமாக இருந்திருக்கப் போகிறது? "அன்றைக்கும் பார்த்தேன். ஆனால் விறைத்த வாயால் யாரும் நேராகக் கடிப்பதில்லை" என்றார். உண்மைதான். பாதி முகம் இல்லாதவனிடம் "கடி சரியாக இருக்கிறதா" என்று கேட்டால் அவன் தலையைத்தான் ஆட்டுவான். ஆனால் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னால் எல்லோரும் அது தங்களுக்கும் இருப்பதாக நினைத்து வந்துவிடுவார்கள்." இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. வரட்டுமே. வாய்க்குள் நீலத்தாளை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

வலி அன்றைக்கே மாயமாகிவிடவில்லை. வெட்டு உடனே நின்றது. புண்பட்ட சவ்வு ஆறச் சில நாட்கள் எடுத்தது.

மாமியின் முறை அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு வந்தது. பல்லை எங்கோ பிடுங்கிக்கொண்டு வந்தார், அன்றிரவு நன்றாகத் தூங்கினார், அடுத்த நாள் சமைத்தார். மூன்றாம் நாள் காதுவரை இழுக்கிற வலியோடு கதவைத் தட்டினார். பல் பிடுங்கிய குழியில் உறைந்து நிற்கிற இரத்தக்கட்டிதான் எலும்புக்கு மூடி. அது கழன்றுவிட்டால் எலும்பு திறந்து கிடக்கும். வலி இப்படி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கிளம்பும், மாத்திரைக்கும் அடங்காது. புகைப்பவர்களுக்கு அதிகம் வரும். கட்டி இளகிவிடும் என்பதால் வைத்தியர்கள் எதையும் உறிஞ்சிக் குடிக்க வேண்டாம் என்பார்கள். மாமி, சூடு தணியட்டும் என்று, காலி வீதியில் செவ்விளநீர் வாங்கி ஸ்ட்ரோவால் உறிஞ்சியிருக்கிறார். அதனால்தான் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் உதவியிருக்காது.

லிப்டன் சுற்றுவட்டத்துக்குக் கிட்ட, வோட் பிளேஸில் இருக்கிற தேசிய பல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அரசாங்க வைத்தியசாலை, இலவசம். காலையிலேயே போய் வரிசையில் நின்றால் நல்லது. குழியைக் கழுவி மருந்து தோய்த்த சிறு துணியை வைத்தார்கள். ஆட்டோவில் ஏறும்போதே மாமியின் முகம் தெளிந்திருந்தது. வாயைத் திறந்தார், வண்டி முழுக்கக் கராம்பு வாசம். "பார்த்தீரா தம்பி? நான் அன்றைக்கே சொன்னேன்." வழக்கு தீர்ந்தது, என் பக்கம் இல்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாத சிலவும் இருக்கின்றன. கன்னத்திலோ தாடைக்குக் கீழேயோ வீக்கம் ஏறுவது, வாய் திறக்க முடியாமல் போவது, விழுங்கக் கஷ்டம், மூச்சுக் கஷ்டம். கீழ்ப்பல்லின் சீழ் கழுத்துப் பக்கம் இறங்கினால் மூச்சுப்பாதையை அடைக்கும், உயிர் போகும். அப்போது பல் வைத்தியரின் திகதிக்குக் காத்திருக்காமல், நடுச்சாமமானாலும் தேசிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

எனக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி. நரம்பு எடுத்த கடைவாய்ப் பல் உட்பக்கம் குடையப்பட்டு வலுவிழந்திருக்கும்; மேலே கிரவுன் என்ற உறையை வைக்காவிட்டால் ஒரு நாள் பிளந்துவிடலாம். விலை பல்லாயிரம் ரூபாய். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த ஊரில் எத்தனையோ பேர் நரம்பை எடுத்துவிட்டுக் கிரவுனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாமி தொகையைக் கேட்டுக் கண்ணை விரித்தார். "பிடுங்கி எறிந்துவிட்டு அந்தக் காசுக்கு உம்முடைய பெண்சாதிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம்."

"பிடுங்கினால் பக்கத்துப் பல் சாயும், மாமி. மேற்பல் கீழே இறங்கும்."

"எனக்கு இரண்டு பக்கமும் இல்லை. என்ன சாய்ந்துபோனேன்?" என்று கேட்டுவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். வலது பக்கத்தால் கடித்தேன்.